டீச்சர் எழுந்திருக்கவில்லை: சேரம்பாடியிலிருந்து காந்தலுக்கு ஒரு நாள் பயணம்

கால் மரத்துப்போனதாம். அதை நான் நம்ப வேண்டுமாம். ஏன் டீச்சர், எழுபது தாண்டிய என் கால் நன்றாக இருக்கும்போது, என்னைவிட முப்பது வயது சின்னவரான உங்கள் கால் மட்டும் சரியாக அந்த நேரம் பார்த்து மரத்துப்போனதா? சரி, மரத்ததாகவே இருக்கட்டும். வாய் எங்கே போனது? “அழிங்க தாத்தா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பேனே. இப்போது ஊர் முழுக்க என்னைப் பார்த்து, டீச்சரை ஓட்டிவிட்ட கிழவன் என்கிறார்கள்.

படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். இது பயணக் கட்டுரைதான். சண்டை பஸ்ஸிலேயே என்னோடு ஏறிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை. அதனால் அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊட்டி காந்தலில் நடந்த கூட்டத்துக்குப் போய் வந்தேன். எங்களைப் போல வயசான பிறகு எழுதப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவர்கள் சேர்ந்து மலையில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சங்கத்துக்குப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் மல்லிகா டீச்சர், வகுப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போகலாம் என்று என்னைக் கூப்பிட்டார். ஊட்டியைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. வருகிறேன் என்றேன். எதற்குக் கூட்டிப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. இலங்கையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை போனேன். அப்புறம் கப்பல், அப்புறம் சேரம்பாடி, அப்புறம் தேயிலைதான். இரண்டு வருஷம் முன்பு வரை பஸ் பலகையை மட்டும்தான் படிப்பேன், அதிலும் பாதி அனுமானம். டீச்சர் பகலில் பிள்ளைமடுவத்தில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், வேலை செய்கிறார். சாயங்காலம் அதே அறையில் எங்கள் ஒன்பது பேருக்கு வகுப்பு. வீட்டுப்பாடம் என்று ஆரம்பித்ததுதான் இந்த வலைப்பூ. பழனிப் பயணத்தை எழுதினேனே, நினைவிருக்கிறதா? அதில் மொட்டை போட்ட செய்தியை மூன்று தடவை எழுதியிருந்தேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் எப்போதுமே சொல்ல மாட்டார். அதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். நாம் பலகையில் எழுதும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சரியா என்று கேட்டால், “எழுதுனது நீங்க. நீங்களே படிச்சுப் பாருங்க” என்பார். தப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. ஆனால் தப்பாக இருந்தால் எழுந்து வந்து நம் பின்னால் நிற்பார். சரியாக இருந்தால் எழுந்திருக்க மாட்டார். இதை அவர் தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஒன்பது பேரும் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம், அவரிடம் சொன்னதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. எழுதியதை எழுதியவர்தான் அழிக்க வேண்டும். டீச்சரே ஆனாலும் நம் எழுத்தின் மேல் டஸ்டரை வைக்க மாட்டார்.

இனி பயணம். காலை ஆறேகால் பஸ். சேரம்பாடியிலிருந்து கூடலூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். குலுக்கல் குறைவு, வாந்தி எடுக்கிறவர்கள் எல்லாரும் உங்களுக்குப் பின்னால் இருப்பார்கள். நான் அந்த இடத்தை டீச்சருக்குத்தான் கொடுத்தேன். “நாம என்ன வேடிக்கை பாக்கவா போறோம்? நீங்க உக்காருங்க தாத்தா” என்று என்னை உள்ளே தள்ளிவிட்டு வழிப்பக்கம் உட்கார்ந்துகொண்டார். எத்தனை பஸ் ஏறினாலும் அவர் அப்படித்தான், இறங்குவதற்குத் தயாராகவே உட்காருவார்.

அன்றைக்கு டீச்சர் பட்டுப் புடவை. கூட்டத்துக்குப் பட்டா என்று கேட்டேன். மழையில் மற்ற இரண்டும் காயவில்லை என்றார். அதற்கு முந்தின இரண்டு நாளும் நல்ல வெயில். நான் வெளியே பார்த்தேன்.

ஊரைத் தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றது. ரோட்டு நடுவில் ஒற்றை ஆனை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரோ கேட்டதற்கு, மலையாளம் கலந்த தமிழில், “அவன் கொஞ்சம் நிக்கும், பின்னெ போகும். நம்மகிட்ட சொல்லிட்டா போகும்?” என்றார். இந்தப் பக்கம் வருகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும். ஆனை நின்றால் அதுதான் கால அட்டவணை. போட்டோ எடுக்க இறங்காதீர்கள்.

நான் டீச்சரிடம், “அதுக்கும் இன்னிக்கு எங்கயோ மீட்டிங் போல, தலைவர் யாருன்னு யோசிச்சுகிட்டு நிக்குது” என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். கூடலூரில் பத்து மணிக்குள் பஸ் கிடைக்குமா என்று கண்டக்டரிடம் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். சும்மா ஒரு கூட்டத்துக்குப் போகிறவருக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கூடலூரில் புட்டும் கடலையும் சாப்பிட்டோம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைகளில் சூடாகக் கிடைக்கும், இருவருக்கும் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. டீச்சர் பாதிப் புட்டை வைத்துவிட்டார். அதை நான் சாப்பிட்டேன், அது வேறு செய்தி.

கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர். நடுவட்டம் ஏறும்போது குளிர் காலிலிருந்து ஆரம்பிக்கும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காதீர்கள். நடுவட்டம் தாண்டியதும்தான் டீச்சர் என்னைக் கூட்டி வந்த காரணத்தைச் சொன்னார். அந்தச் சங்கத்தில் யாரும் தனக்குப் பதவி வேண்டும் என்று கேட்கக்கூடாதாம். ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரை முன்மொழியவும் கூடாதாம். வகுப்பில் படிக்கிறவர்கள்தான் பலகைக்குப் போய், யார் தலைவராக வேண்டுமோ அவர் பேரைத் தங்கள் கையால் எழுத வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் கை தூக்குவார்கள்.

“அப்ப யார் பேரை எழுதட்டும் டீச்சரம்மா?”

“அத நான் சொல்லக்கூடாது தாத்தா.” அடுத்த வளைவு தாண்டியதும், “எம் பேரை மட்டும் எழுதிராதீங்க” என்றார்.

இதுதான் என்னைக் குழப்பியது. யார் பேரை எழுத வேண்டும் என்று சொல்லக்கூடாதாம், யார் பேரை எழுதக்கூடாது என்று மட்டும் சொல்லலாமாம். பட்டுப் புடவை ஒன்று சொல்கிறது, கடிகாரம் அதையே சொல்கிறது, வாய் வேறு சொல்கிறது. பைக்காரா வரும் வரை இதையே யோசித்தேன். பைக்காராவைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

காந்தலுக்குப் போகிறவர்கள் ஊட்டி பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டாம். முன்னாலேயே பிங்கர்போஸ்டில் இறங்கினால் நடந்தே போகலாம், ஆட்டோக் காசு மிச்சம். கூட்டம் ஒரு பள்ளிக்கூட அறையில். உட்காரச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கால் மரத்துப்போக வாய்ப்பு உண்டு என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். என் நேர்மைக்கு இது ஒன்று போதும்.

நாற்பது பேர் இருப்பார்கள். வாசலில் மப்ளர் கட்டிய ஒருவர் கெட்டிலும் தட்டுமாக எல்லோருக்கும் டீயும், ஊட்டி வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று நினைத்தேன். டீயில் சீனியைப் போட்டாரா, தூரத்தில் நின்று காட்டினாரா என்று கேட்டேன். வேறு டீ கொண்டுவந்தார். நாற்காலியை வெயிலில் போடச் சொன்னேன், போட்டார். “ஏப்பா, இன்னும் ரெண்டு வர்க்கி வையி. தலைவர் வந்துட்டா எல்லாத்தையும் அவரே தின்னுருவாரு” என்றேன்.

“தலைவர் அவ்வளவா சாப்பிட மாட்டாருங்க” என்று சொல்லி இரண்டு வைத்தார்.

பிறகு கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மப்ளரைச் சரிசெய்துகொண்டு, முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். அவர்தான் தலைவர். பெள்ளி சார். இந்தச் சங்கத்தில் கூட்டத்தன்று டீ ஊற்றுவது தலைவரின் வேலையாம், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. வர்க்கியை நான் வீணாக்கவில்லை.

எங்கள் தோட்டத்து யூனியன் தேர்தலைப் பார்த்தவன் நான். இரண்டு கட்சி, நாலு சண்டை, ஒருத்தர் தலையிலாவது கட்டுப் போட்ட பிறகுதான் தலைவர் வருவார். இங்கே பெள்ளி சார் தன் காலம் முடிந்தது என்றதும் ஆளுக்கு ஆள் எழுந்து, அடுத்தவர்தான் தகுதியானவர் என்றார்கள். அந்த அடுத்தவர் எழுந்து, ஐயோ நானில்லை, இவர்தான் என்றார். நாற்பது பேரும் வேண்டாம் என்கிறார்கள். வேண்டாத பதவிக்கு இத்தனை தூரத்திலிருந்து ஏன் வந்தார்கள்? எனக்குத் தலை சுற்றியது.

படிக்கிறவர்கள் என்று நாங்கள் இரண்டே பேர்தான் வந்திருந்தோம். முதலில் குந்தாவிலிருந்து வந்த ராஜாத்தி என்ற அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் நிதானமாகப் பெள்ளி சார் பேரையே எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று தடவை இருந்தாகிவிட்டது, இனி விதிப்படி முடியாது என்று பெள்ளி சார் கும்பிட்டார். ஆனால் யாரும் டஸ்டரைத் தொடவில்லை. ராஜாத்தியம்மாவே திரும்பி வந்து, மனசில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். எங்கள் பிள்ளைமடுவத்து வழக்கம் மலை முழுக்க உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து நான். சாக்பீஸ் கையில் வந்ததும் எனக்குள்ளே இருக்கும் குரங்கு இறங்கி ஆட ஆரம்பித்துவிட்டது. எதை எழுதாதே என்றாரோ அதையே எழுதினேன். ‘மல்லிகா’. நல்ல பெரிய எழுத்தாக. பக்கத்தில் ‘சேரம்பாடி’ என்றும் போட்டேன்.

கைதட்டல். பெள்ளி சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். “கூடலூர்ப் பக்கமிருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் தலைவரா வந்ததில்லீங்க. டீச்சருங்களுக்குப் பயிற்சி எல்லாம் மேல ஊட்டியிலயே நடக்குது. கீழ இருக்கறவங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு ஏறி வரணும். பாதிப் பேரு நின்னே போயிட்டாங்க. மல்லிகா வந்தா பயிற்சி கீழ எறங்கும்” என்றார். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன் போல நெஞ்சை நிமிர்த்தினேன்.

அப்புறம் சொன்னார், தலைவராக இருக்கும் இரண்டு வருஷமும் அவர் தனக்கென்று வகுப்பு வைக்கக்கூடாது, ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் வகுப்பில் உட்கார வேண்டும் என்று. அங்கே எல்லோருக்கும் அது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அப்படியானால் எங்களுக்கு யார்? ஒன்பது பேரில் நாலு பேர் இன்னும் உயிர்மெய் எழுத்துக்கே வரவில்லை. காமாட்சி இப்போதுதான் தன் மகன் அனுப்பும் செய்தியைத் தானே படிக்க ஆரம்பித்திருக்கிறாள். பெள்ளி சார் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போல. “ஏனுங்க பெரியவரே, அழிக்கணும்னா அழிச்சுக்கலாமுங்க. நீங்கதான் அழிக்கணும்” என்றார்.

டஸ்டரை எடுத்தேன். பலகைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பினேன். டீச்சர் மூன்றாவது பெஞ்சில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அழிக்கட்டுங்களா டீச்சர்?”

டீச்சர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“எழுதுனது நீங்க தாத்தா. நீங்களே படிச்சுப் பாருங்க.”

படித்தேன். வாய்விட்டே படித்தேன். அப்புறம் காத்திருந்தேன். எழுந்து வருவார், என் பின்னால் வந்து நிற்பார், நானும் அழித்துவிட்டுச் சிரித்து மழுப்பிவிடலாம் என்று. இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்திருக்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். பட்டுப் புடவை அசையவில்லை.

டஸ்டரை மேஜையில் வைத்தேன். எல்லாக் கையும் உயர்ந்தன.

இப்போது நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். கை தூக்கி முடித்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, டீச்சர் விடுவிடு என்று முன்னால் போனார். பெள்ளி சார் கையிலிருந்த கெட்டிலை வாங்கினார். நாற்பது பேருக்கும் நடந்து நடந்து டீ ஊற்றினார். மரத்த கால் இப்படி நடக்குமா? என்னிடம் வந்தபோது தம்ளரை விளிம்பு வரை நிரப்பினார். சூடு தாங்காமல் நான்தான் மேலே கொட்டிக்கொண்டேன்.

திரும்பும்போது மத்தியானம் இரண்டரைக்கு பஸ் பிடித்தோம். இருட்டுவதற்குள் வீடு சேர அதுதான் தோது. கூடலூர் வரை நான்தான் பேசினேன். நான் பைன் மரத்தைக் காட்டினேன், குரங்கைக் காட்டினேன், நான் எதையெல்லாம் காட்டினாலும் ‘ம்’ என்றார். பந்தலூர் நெருங்கும்போது அவராகவே சொன்னார்.

“கால் மரத்துப்போச்சு தாத்தா. அதான் எந்திரிக்கல. நீங்க அழிச்சிருக்கலாம்.”

ஆக, நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. “எங்கள விட்டுட்டுப் போறதுக்கு ஒங்களுக்கு மனசு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க” என்றேன். அவர் என்னைத் தாண்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நான்தான் ஜன்னலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எங்களுக்கு பேக்டரி ஆபீஸிலிருந்து ஒரு பெண் வருகிறார். நல்ல பெண். ஆனால் தப்பென்றால் உடனே தப்பு என்று சொல்லிவிடுகிறார். அதில் என்ன இருக்கிறது? முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நிற்கிறார்களா என்று நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். காமாட்சியும் பார்க்கிறாள். என்னிடம் அவள் பேசி இரண்டு வாரம் ஆகிறது.

டீச்சருக்கு அந்தப் பதவி வேண்டுமா, வேண்டாமா? இந்தப் பயணத்தில் எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான், அதுதான் தெரியவில்லை. வேண்டும் என்றால் நான் செய்தது சரி, ஒன்பது பேரும் பொறுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஒரு குறும்புக்காக அவரையும் எங்களையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன்.

அதனால் இதுவரை எழுதியதை இன்று காலை அவரிடமே படித்துக் காட்டினேன். அவர் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலைவராக முதல் பயணம், குந்தாப் பக்கம் ராஜாத்தியம்மாவின் வகுப்புக்கு. நான் போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். கால் மரத்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை. டீ ஊற்றிய இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார். காமாட்சி வந்த இடத்தில் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, தூசியாகவும் இருக்கலாம். நான் நிறுத்தாமல் யாத்திரிகர்களுக்கான குறிப்புகளுக்கு வந்துவிட்டேன்.

காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், பஸ்ஸில் வருகிற எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதீர்கள், சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். வர்க்கியைக் கண்ணில் பட்ட முதல் கடையில் வாங்க வேண்டாம், காந்தலில் நடந்து பார்த்து, மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குங்கள். டீ ஊற்றுகிறவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். உங்கள் கையில் யாராவது சாக்பீஸைக் கொடுத்தால்...

டீச்சர் எழுந்தார்.

எனக்குத் திக்கென்றது. “எந்த வரி தப்புங்க டீச்சரம்மா?” என்றேன்.

அவர் என் பின்னால் வரவில்லை. வளைவில் பஸ் சத்தம் கேட்டது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். நான் இன்னும் முடிக்கவில்லை என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன், சாக்பீஸைக் கொடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்ற வரி பாக்கி இருக்கிறது, அதுதான் முக்கியமான வரி என்றேன். பஸ் முக்கால்வாசி காலி. கதவுப் பக்கத்தில், வழிப்பக்கத்தில், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஓட்டுநருக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில், ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தார்.